மழை மறுபடி வெறும் மழையாக: பேரதிர்ச்சிக்குப் பின் மீண்டு வர ஒரு வழிகாட்டி

மழை இரவுகளில் அந்த அக்கா செருப்பைக் கழற்றாமல்தான் படுப்பார். ரேஷன் அட்டை, ஆதார், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டிருப்பார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து, கதவைத் திறந்து, மலையை நோக்கி டார்ச் அடித்துப் பார்ப்பார். விடிந்ததும் கண் எரிய எரியக் கொழுந்தெடுக்கக் கிளம்பிவிடுவார். உருள்பொட்டலில், அதாவது மலை சரிந்து இறங்கியதில், தம்பியையும் தம்பி மனைவியையும் பறிகொடுத்து அப்போது இரண்டு வருடம் கடந்திருந்தது. "இன்னுமா அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாய்?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். நினைக்காமலிருக்கத்தான் அவர் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். கூரையில் முதல் துளி விழுந்தால் போதும், உடம்பு தானாக அந்த இரவுக்குப் போய்விடும்.

நான் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள். கேரளத்தின் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கத்துத் தோட்டங்களுக்கு மனநலப் பணிக்காகப் பல வருடங்களாகப் போய்வருகிறேன். எங்கள் மலைக்கு இந்தத் துயரம் புதிதல்ல. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மூணாறின் மலை ரயில் பாதையையே அடித்துக்கொண்டு போனது. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் லயங்களின் மேல் மலை இறங்கியது. 70 பேர் போனார்கள். நான்கு பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், பலருக்குக் கயத்தாறு பக்கம் பூர்விகம். 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் அதே போல் புதைந்தன.

உருள்பொட்டல் மட்டும்தான் பேரதிர்ச்சி என்று இல்லை. ஜீப் கவிழ்ந்த வளைவு, ஒற்றையானை எதிரே வந்து நின்ற விடியற்காலை, குடித்துவிட்டு வந்து கழுத்தைப் பிடித்த கணவன், சிறுவயதில் நம்பிய ஒருவர் செய்த கொடுமை, இவை ஒவ்வொன்றும் மனத்தை அதே இடத்தில்தான் அடிக்கின்றன. நான் அதிகம் பார்த்தது மழைப் பயம் என்பதால் உதாரணங்கள் அங்கிருந்தே வரும். படிகள் எல்லோருக்கும் பொருந்தும்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பதைக் கேலியாகச் சொல்கிறோம். அதில் மருத்துவ உண்மை இருக்கிறது. மூளையின் ஆழத்தில் அமிக்டலா என்ற சிறு பகுதி ஆபத்துக்கு மணி அடிக்கிறது. உயிர் போகும் நிலையை ஒருவர் சந்திக்கும்போது, அந்த நேரத்து ஒலி, வாசனை, வெளிச்சம் எல்லாவற்றையும் அது ஆபத்தின் அடையாளமாகக் குறித்துக்கொள்கிறது. நடந்ததை "இன்ன நாளில், இன்ன இடத்தில் நடந்து முடிந்தது" என்று வரிசைப்படுத்தி வைக்க வேண்டிய பகுதி, அந்த நேரத்துப் பீதியில் தன் வேலையைச் சரியாகச் செய்வதில்லை. அதனால் அந்த நினைவுக்குத் தேதி ஒட்டப்படுவதில்லை. ஈர மண் வாசனை வந்தால் அது பழைய நினைவாக வராமல், இப்போது நடப்பதாகவே வருகிறது. நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது, கால் ஓடத் தயாராகிறது.

இது கோழைத்தனம் இல்லை, பைத்தியம் இல்லை, சாமி குற்றமும் இல்லை. உயிரைக் காக்க வந்த மணி, நிற்கத் தெரியாமல் அடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

நம்பிக்கை தரும் கணக்கு ஒன்றும் உண்டு. உலகில் சுமார் 70 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒரு முறையாவது இப்படிப்பட்ட நிகழ்வைச் சந்திக்கிறார்கள் என்றும், அவர்களில் 5.6 விழுக்காட்டினருக்கே அது நீடித்த நோயாக மாறுகிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்த நோயைத்தான் மருத்துவர்கள் பி.டி.எஸ்.டி. என்கிறார்கள். தமிழில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு. ஆக, முதல் சில வாரம் தூக்கம் கெட்டு, அழுது, திடுக்கிட்டு எழும் எல்லோரையும் நோயாளி ஆக்க வேண்டியதில்லை. பெரும்பாலானோர் சோறும் உறவும் வேலையும் திரும்பக் கிடைத்தால் மெல்ல எழுந்துவிடுகிறார்கள்.

முதல் படி: ஆபத்து உண்மையிலேயே நீங்கிவிட்டதா?

பல வழிகாட்டிகள் மூச்சுப் பயிற்சியில் தொடங்குகின்றன. நான் அப்படித் தொடங்க மாட்டேன். விரிசல் விட்ட சரிவுக்குக் கீழே படுத்திருப்பவரிடம் "பயப்படாதீர்கள், மூச்சை விடுங்கள்" என்று சொல்வது பாவம். அவருடைய பயம் சரியான பயம். அடிக்கும் கணவன் அதே வீட்டில் இருக்கும்போது மனைவிக்கு வரும் நடுக்கமும் அப்படித்தான். முதலில் இடம் மாற வேண்டும், பாதுகாப்பு வேண்டும். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112.

எங்கள் மலையில் இந்தப் படி கொஞ்சம் சிக்கலானது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை ஓயாது. ஆபத்து முழுவதும் நீங்கிவிட்டது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. அதனால் பயத்தை அணைப்பதை விட்டுவிட்டு, பயத்துக்கு ஓர் அளவுகோல் கொடுக்கிறோம். வானிலைத் துறை 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை மழை எதிர்பார்த்தால் மஞ்சள் எச்சரிக்கை, 115.6 முதல் 204.4 வரை என்றால் ஆரஞ்சு, அதற்கும் மேல் சிவப்பு. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: ஆரஞ்சு வந்தால் என்ன செய்வோம், சிவப்பு வந்தால் யார் வீட்டுக்கு அல்லது எந்த முகாமுக்குப் போவோம், கிழவியை யார் தூக்குவது, பையில் என்னென்ன. நிலத்தில் புது விரிசல், சாயும் மரங்கள், திடீரென்று கலங்கும் அல்லது வற்றும் ஓடை, இவற்றைப் பார்த்தால் எந்த நிறத்துக்கும் காத்திருக்காமல் வெளியேற வேண்டும். தாளைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்.

அக்காவின் வீட்டிலும் ஒட்டினோம். "அப்படியென்றால் எச்சரிக்கை இல்லாத ராத்திரியில் நான் தூங்கலாமா தாயி?" என்று கேட்டார். அது வரை எல்லா மழையும் அவருக்கு ஒரே மழையாக இருந்தது. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துப் பார்க்க மனம் முதல்முறையாக இசைந்தது அந்தக் கேள்வியில்தான்.

இரண்டாம் படி: முதல் நாட்களில் சுற்றியிருப்பவர்கள் செய்ய வேண்டியது

உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட மன முதலுதவி முறையை மூன்று சொல்லில் அடக்கலாம்: பார், கேள், இணை. யாருக்கு என்ன தேவை என்று பார்ப்பது. அவர்கள் பேசினால் கேட்பது. உறவினரோடும் உதவியோடும் இணைத்துவிடுவது. கம்பளி, சூடான கஞ்சி, பிள்ளை எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்ற உறுதியான தகவல், பூர்விக ஊருக்கு ஒரு போன். முதல் வாரத்தில் இவையே மருந்து.

செய்யக் கூடாதது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு முகாமில் நான் கண்ணால் பார்த்தேன். எங்கிருந்தோ வந்த குழு, உயிர் பிழைத்தவர்களை வட்டமாக உட்கார வைத்து, "என்ன பார்த்தீர்கள், என்ன உணர்ந்தீர்கள், எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள்" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டது. அதுவும் மலையாளத்தில். ஒரு பெரியவர் தட்டுத்தடுமாறிச் சொல்லத் தொடங்கி, பாதியில் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். மாலையில் குழு கிளம்பியது, திரும்பி வரவே இல்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் இப்படி ஒரே அமர்வில் கட்டாயமாகப் பேச வைப்பது நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்கிறது என்று ஆய்வுகள் காட்டி இருபது வருடத்துக்கு மேலாகிறது. பேச விரும்புபவர் சொல்வதைக் கேளுங்கள். பேசாதவர் பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள்.

இன்னொன்று தூக்க மாத்திரை. "ராத்திரி கத்துகிறாள், ஒரு மாத்திரை கொடுங்கள்" என்று குடும்பத்தார் கேட்பது இயல்பு. பென்சோடயசிபைன் வகை மாத்திரைகளை அதிர்ச்சிக்குப் பின் முதல் மாதத்தில் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே அறிவுறுத்திவிட்டது. அவை பழக்கமாகிவிடும், அதிர்ச்சி நோயையும் தடுக்காது. மருந்துக்கடையில் நீங்களாக வாங்கவே வாங்காதீர்கள்.

ஒப்பாரி வைத்தால் வைக்கட்டும். அடக்காதீர்கள். எங்கள் பாட்டிமார் போனவரின் பெயர் சொல்லி, அவர் வாங்கித் தந்த சேலையைச் சொல்லி, கட்டிப்பிடித்து அழுவார்கள். துக்கத்தைத் தனியாளிடம் விடாமல் பத்துப் பேர் பங்கு போட்டுக்கொள்ளும் வழி அது. அதை நாகரிகக் குறைவு என்று நினைக்கும் இளையவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மூன்றாம் படி: நாளுக்கு ஓர் ஒழுங்கு

எழும் நேரமும் உண்ணும் நேரமும் தினமும் ஒன்றாக இருக்கட்டும். சாயங்காலத்துக்குப் பின் தேநீர் வேண்டாம். தேயிலைக்காட்டில் இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனாலும் சொல்கிறேன். குடி வேண்டவே வேண்டாம். ஒரு கோப்பை தூங்க வைப்பது போலத் தெரியும், பாதி ராத்திரியில் கனவோடு எழுப்பிவிடும், நாலு மாதத்தில் தனி நோயாக நிற்கும். தொலைக்காட்சியிலும் போனிலும் சரிவுக் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதை நிறுத்துங்கள். முடிந்தவர்கள் சீக்கிரம் வேலைக்குத் திரும்புவது நல்லது, பாதி நாள் என்றாலும்.

படபடப்பு வரும்போது மூக்கு வழியாக நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். ஐந்து நிமிடம். வெளிவிடும் மூச்சு நீளமானால் இதயத் துடிப்பு இறங்கும். அமைதியான நேரத்தில் பழகியிருந்தால்தான் அவசரத்தில் கைகொடுக்கும்.

நான்காம் படி: ஒரு மாதக் கணக்கு

ஒரு மாதம் ஆன பிறகும் கீழ்க்கண்டவை குறையாமல் இருந்து, வேலையையும் உறவையும் கெடுத்தால், இனித் தானாகச் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். நடந்தது கண்முன் மறுபடி நடப்பது போல வருவது, கெட்ட கனவு. அந்த இடத்தையும் பேச்சையும் ஆட்களையும் தவிர்ப்பது. சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடுவது, எரிச்சல், தூக்கமின்மை. "நான் பிழைத்தது தப்பு", "யாரையும் நம்ப முடியாது" என்று மனம் மரத்துப்போவது. சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு மாதம் என்ன, ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. தற்கொலைக்கு முயன்றவரைச் சட்டம் தண்டிக்கும் என்று பயந்து மறைக்காதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொண்டு, சிகிச்சை தரும் பொறுப்பை அரசுக்குக் கொடுத்திருக்கிறது.

எங்கே போவது? 14416க்கு அழைத்தால் டெலி மனஸ் என்ற அரசு சேவை கிடைக்கும். இலவசம், 24 மணி நேரமும் இயங்குகிறது. தமிழில் பேச வேண்டும் என்று கேட்டால் தமிழில் பேசுவார்கள். கேரளத்தில் 1056 திஷா உதவி எண்ணும் உண்டு. கேரளத்தின் 14 மாவட்டங்களிலும் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. அதன் மருத்துவர் எந்த நாளில் எந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்பதை உங்கள் ஆஷா ஊழியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். போடிமெட்டு வழியாக இறங்கினால் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. மூணாற்றுக்காரர்கள் பலர் அங்கே போவதற்குத் தூரம் காரணமில்லை, மொழிதான் காரணம்.

மொழியை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் மலையாளத்தில் சரளமாகப் பேசுவார்கள், பஸ்ஸில் சண்டைகூடப் போடுவார்கள். ஆனால் மண்ணுக்குள்ளிருந்து கேட்ட குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் தாய்மொழி வேண்டும். "எனக்குத் தமிழ் தெரிந்த ஆலோசகர் வேண்டும்" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். கிடைக்காவிட்டால் நம்பகமான பெரியவர் ஒருவரை மொழிபெயர்க்க அழைத்துப் போங்கள். சொந்தப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அம்மாவின் பயங்கரத்தைத் தன் வாயால் சொல்லும் சுமை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது.

கோயிலில் திருநீறு போடுவது, கயிறு கட்டுவது, தேவாலயத்தில் ஜெபிப்பது பற்றிக் கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யுங்கள். பூசாரி தலையில் கை வைக்கும்போது பலருக்குச் சுமை இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். சாட்டையடி, பட்டினி, சங்கிலி என்று போனால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டும் கையில் கட்டிய கயிறும் ஒன்றாகவே இருக்கலாம்.

ஐந்தாம் படி: சிகிச்சை அறைக்குள்

"போனால் என்ன செய்வார்கள், ஷாக் வைப்பார்களா?" என்பதுதான் முதல் பயம். பி.டி.எஸ்.டி.க்கு முதன்மைச் சிகிச்சை பேச்சுதான். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்பார்கள். வாரத்துக்கு ஒரு அமர்வு, பொதுவாக 8 முதல் 12 வரை. நம்பிக்கை ஏற்பட்ட பிறகு, நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை, உங்கள் வேகத்தில், வரிசையாகச் சொல்ல வைப்பார்கள். முகாமில் வட்டம் போட்டுக் கேட்டதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இங்கே ஒரே ஆள் தொடர்ந்து வருவார், எப்போது நிறுத்துவது என்பது உங்கள் கையில், சொல்லி முடித்த பின் நீங்கள் அமைதியடையும் வரை அவர் விட மாட்டார். திரும்பத் திரும்பச் சொல்லும்போது அந்த நினைவுக்குத் தேதி ஒட்டப்படுகிறது.

கூடவே, உங்களை நீங்களே பழித்துக்கொள்ளும் சொற்களை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பார்கள். "அன்று தம்பியை எங்கள் வீட்டிலேயே படுக்கச் சொல்லியிருந்தால்" என்ற வாக்கியத்தோடு அக்கா இரண்டு வருடம் வாழ்ந்திருக்கிறார். அன்றைக்கு அவருக்கு என்ன தெரியும், எது தெரியாது என்று இரண்டு பக்கமாக எழுதச் சொன்னார் ஆலோசகர். மலை இறங்கும் என்பது தெரியாத பக்கத்தில்தான் இருந்தது.

கண்ணசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். என்ற முறையும் நிரூபிக்கப்பட்டது, பயிற்சி பெற்றவர் கிடைத்தால் நல்லது. மருந்தில் செர்ட்ராலின், பராக்சிடின் போன்றவை உதவும். இவை போதை மாத்திரைகள் அல்ல. பலன் தெரியச் சில வாரம் ஆகும். நன்றாக இருக்கிறது என்று நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

ஆறாம் படி: தவிர்த்ததை நோக்கி, ஏணிப்படியாக

மீட்சியின் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது என்பது என் அனுபவம்.

பயந்ததைத் தவிர்க்கும்போது உடனடி நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே மனத்துக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுக்கிறது: "தப்பித்ததால்தான் பிழைத்தாய்." அடுத்த முறை பயம் ஒரு முழம் அதிகமாகிறது. தவிர்ப்பதன் எல்லை விரிந்து விரிந்து கடைசியில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் நிலை வரும். இதை மாற்ற, சிறிய அளவில், பாதுகாப்பாக, திரும்பத் திரும்ப அந்தப் பயத்தோடு உட்கார வேண்டும். பழைய நினைவு அழிவதில்லை. அதன் மேல் புதிய அனுபவம் படிகிறது.

ஒரு தாளில் பயப்படும் விஷயங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுங்கள். அக்காவின் ஏணி இப்படி இருந்தது. பகலில், நான் பக்கத்தில் இருக்க, போனில் பதிவு செய்த மழைச் சத்தத்தைத் தணிந்த ஒலியில் கேட்பது, 30. அதையே சத்தமாக, 45. தூறலில் வாசலில் நிற்பது, 50. சாயங்கால மழையில் நாலு பேரோடு தகரக் கூரைக்குக் கீழே உட்காருவது, 65. எச்சரிக்கை இல்லாத இரவில் செருப்பைக் கழற்றிக் கட்டிலருகே வைத்துவிட்டுப் படுப்பது, 80. சரிவு தெரியும் வளைவு வரை ஜனவரி மாதத்து வெயிலில் அண்ணனோடு நடப்பது, 90. தம்பியைப் புதைத்த இடத்தில் போய் நிற்பது, 100.

கீழிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு படியிலும் பயம் ஏறி, உச்சிக்குப் போய், தானாக இறங்கத் தொடங்கும் வரை இருங்கள். பாதியில் ஓடினால் பழைய பாடமே உறுதிப்படும். அரை மணி, முக்கால் மணி ஆகலாம். தினமும் செய்யுங்கள். பயம் பாதியாகக் குறைந்த பின் அடுத்த படி. ஆபத்துள்ள நாளில் பயிற்சி கிடையாது. கதவில் ஒட்டிய தாள் சொல்லும் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

நினைவு இழுத்துக்கொண்டு போகும்போது ஒரு கேள்வி உதவும்: அன்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம்? சத்தமாகச் சொல்லுங்கள். "அன்று ஆகஸ்ட், இன்று நவம்பர். அன்று இருட்டு, இன்று விளக்கு எரிகிறது. அன்று இருந்தது லயம், இது கான்கிரீட் வீடு. பக்கத்து வீட்டில் தோசை வாசனை வருகிறது. மகன் படித்துக்கொண்டிருக்கிறான்." ஒத்துப்போவதை மட்டுமே கவனிக்கும் மனத்துக்கு, ஒத்துப்போகாததைக் காட்டிக்கொடுக்கும் வேலை இது.

டார்ச் அடிப்பதையும் குறைத்தோம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்பதை அரை மணி, ஒரு மணி, பிறகு படுக்கும் முன் ஒரே தடவை என்று ஆக்கினோம். பையை மட்டும் விட்டுவிடச் சொல்லவில்லை. தொடக்கத்தில் சொல்லியிருந்தேன், அது என் தவறு. எங்கள் மலையில் ஆவணப் பை தயாராக இருப்பது புத்திசாலித்தனம். அது இடுப்பிலிருந்து ஆணிக்குப் போனது, அவ்வளவுதான்.

ஏணியின் நான்காவது படியில் அக்கா ஒரு மாதம் சிக்கிக்கொண்டார். ஜூலை மழை வலுத்தபோது இரண்டாவது படிக்கே இறங்கினார். அழுதார், என்னைத் திட்டினார். இறங்குவது தோல்வி இல்லை, ஏணி அங்கேயேதான் இருக்கும். பாலியல் வன்முறை, பல வருடச் சித்திரவதை, தன்னை மறந்துபோகும் அளவுக்கு நினைவுகள் வருவது போன்ற நிலைகளில் இந்த ஏணிப் பயிற்சியைத் தனியாகச் செய்யாதீர்கள். ஆலோசகர் கூட இருக்க வேண்டும்.

ஏழாம் படி: கெட்ட கனவை மாற்றி எழுதுதல்

ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தால், பகலில் அதை எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் யாரிடமாவது சொல்லலாம். பிறகு கனவின் முடிவை விருப்பப்படி மாற்றுங்கள். மண் வரும் முன் எல்லோரும் பஸ் ஏறிவிடலாம், தம்பி கதவைத் தட்டி எழுப்பலாம். புதிய கனவை தினமும் பத்து இருபது நிமிடம் கண்ணை மூடி ஓட்டிப் பாருங்கள். சில வாரங்களில் பலருக்குக் கனவு அடங்குகிறது. எளிதாகத் தெரிவதாலேயே பலர் இதை நம்புவதில்லை. செய்து பார்த்தவர்கள் நம்புகிறார்கள்.

எட்டாம் படி: துக்கத்துக்கு இடம்

பயம் இறங்கிய பிறகு துக்கம் வரும். "சிகிச்சை எடுத்த பின் அதிகமாக அழுகிறாள்" என்று குடும்பத்தார் கவலைப்படுவார்கள். அது வரை பயம் அடைத்திருந்த வழி திறந்திருக்கிறது. அழட்டும். ஆறு மாதத்துக்கு மேலாகியும் ஏக்கம் கொஞ்சமும் தணியாமல், வாழ்க்கையே நின்றுவிட்டிருந்தால் மட்டும் அதற்கெனத் தனியாக உதவி கேளுங்கள்.

உடல் கிடைக்காதவர்களின் வீட்டில் இந்தத் துக்கம் வேறு விதமானது. பெட்டிமுடியில் நான்கு பேர், வயநாட்டில் இன்னும் பலர். தெளிவற்ற இழப்பு என்று இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. போனவருக்குக் காரியம் செய்தால் அவரைக் கைவிட்டதாகத் தோன்றும், செய்யாவிட்டால் நாள் நகராது. தட்டில் ஒருவருக்குச் சோறு எடுத்து வைத்துக்கொண்டே இருக்கும் தாயைப் பார்த்து "ஏற்றுக்கொள்" என்று சொல்லாதீர்கள். "அவன் இல்லை, ஆனால் இருக்கவும் கூடும்" என்ற இரண்டையும் ஒன்றாகச் சுமக்க அவளுக்கு உரிமை உண்டு. உடல் இல்லாமலும் சடங்கு செய்யலாம். அவருடைய சட்டையை வைத்து, போட்டோவை வைத்து, ஆற்றின் கரையில் விளக்கேற்றி, பூசாரியோடோ பாதிரியாரோடோ கலந்துபேசி குடும்பமே ஒரு வழியைக் கண்டுபிடிக்கட்டும். நாளைத் தாய் தீர்மானிக்கட்டும். எத்தனை வருடம் ஆனாலும் காத்திருங்கள்.

பிள்ளைகளைப் பற்றி

பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள், விளையாடிக் காட்டுவார்கள். மணலைக் குவித்து அதன் கீழ் பொம்மையைப் புதைத்து எடுக்கும் சிறுவனை அடித்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "பொம்மையைக் காப்பாற்ற யார் வருகிறார்கள்?" என்று கேளுங்கள். விட்டுப்போன படுக்கை நனைப்பு திரும்பலாம், அம்மாவின் சேலையை விடாமல் பிடிக்கலாம், பள்ளிக்கூட வயிற்றுவலி வரலாம். திட்டாமல் இருந்தால் பெரும்பாலும் சில வாரத்தில் அடங்கும். இறந்தவரைப் பற்றி "தூங்குகிறார்", "ஊருக்குப் போயிருக்கிறார்" என்று பொய் சொல்லாதீர்கள். தூங்கப் பயப்படும் பிள்ளையை அந்தப் பொய்தான் உருவாக்குகிறது.

கூட இருப்பவர் சொல்லும் சொல்

"மறந்துவிடு", "உன்னைவிடக் கஷ்டப்பட்டவர்கள் இருக்கிறார்கள்", "விதி", "நீயாவது பிழைத்தாயே" என்ற நான்கும் அன்பாகச் சொல்லப்பட்டாலும் கதவைச் சாத்துகின்றன. "சாப்பிட்டாயா?", "இன்று ராத்திரி இங்கே படுத்துக்கொள்ளட்டுமா?", "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் வருகிறேன்" என்பவை போதும். பராமரிக்கும் நீங்களும் தூங்க வேண்டும். முறை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் படி: தேதி திரும்பி வரும்போது

நன்றாகத் தேறியவர்களுக்கும் அந்த மாதம் நெருங்கும்போது காரணமில்லாத எரிச்சலும் தூக்கமின்மையும் வரும். மனம் மறந்தாலும் உடம்பு காலண்டர் வைத்திருக்கிறது. முன்கூட்டியே தெரிந்தால் பாதி பயம் போய்விடும். ஒரு வாரம் முன்பே திட்டமிடுங்கள். அந்த நாளில் தனியாக இருக்காதீர்கள், நெருங்கியவர் ஒருவரிடம் சொல்லி வையுங்கள், செய்திச் சேனலை அணைத்துவிடுங்கள், விரும்பினால் போய் விளக்கேற்றுங்கள், விரும்பாவிட்டால் போகாதீர்கள். மாத்திரை எடுப்பவர் அந்த மாதத்தில் நிறுத்த வேண்டாம். பழைய அறிகுறிகள் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஆலோசகரிடம் ஓரிரு அமர்வு போய்வாருங்கள்.

அக்கா மூன்றாவது வருடம் புதைத்த இடத்துக்குப் போனார். பிளாஸ்க்கில் தேநீரும் தம்பிக்குப் பிடித்த முறுக்கும் கொண்டுபோனோம். வழியில் தூறல் போட்டது. குடையை விரித்துக்கொண்டு, "இது மஞ்சள்கூட இல்லை தாயி, சும்மா சாரல்" என்றார். மறுநாள் அவருக்கு உடம்பு முழுக்க வலி, லீவு போட்டுப் படுத்துவிட்டார். நீங்களும் மறுநாளைக்கு லீவு சொல்லி வையுங்கள்.